விருமாண்டி தீராத மத்தியானம்

குலசாமி மேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 1986, மதுரையில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறை. ஒரே ஒரு விருமாண்டியைத் தேடப்போய், அந்தப் பெயர் எந்த வரியில் எங்கே வந்தாலும் அச்சடி என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்துவிட்டு, இன்னும் கல்யாணமாகாத குமாஸ்தா உக்கிரபாண்டி மாட்டிக்கொண்டிருக்கிறான். குலசாமி பெயரையே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர்க்காரர்களின் பட்டியல் அது. மகன் விருமாண்டி, அப்பன் விருமாண்டி, தாத்தாவும் விருமாண்டி. பிரிண்டர் கரகரவென்று கக்குகிறது. காகிதம் கதவை அடைத்து அவன் நெஞ்சுவரை ஏறி நிற்க, அதன் மேல் ஜன்னல் வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. வெளியே தாய்மாமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்துகிறார்.

“மாப்ள, உசிலம்பட்டி பஸ்ஸு உறுமுது! இன்னைக்குப் போகலைன்னா பொண்ணு வீட்ல வேற ஆளு பாத்துருவாக!”

“வாரேன் மாமா, விருமாண்டி தீரட்டும்!”

“எங்கிட்டுடா தீரும்? பொண்ணுக்கு அப்பனே விருமாண்டிதான்!”

என்ன, அந்த அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டரே வந்தது, உக்கிரபாண்டிக்குப் பேரன் பிறந்த வருஷம்தான்.