ஓமந்தாங்கல்

“போளூர் பக்கம். ஓமந்தாங்கல்,” என்றாள் பூஜா.

சொன்ன பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பைக்கின் பின்னால் உட்கார்ந்தே வந்ததில் இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன.

ஓமந்தாங்கல் என்று ஓர் ஊர் கிடையாது. காலையில் செய்யாறிலிருந்து வரும் வழியில், கண்ணில் பட்ட இரண்டு ஊர்ப் பலகைகளில் ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டி அவளே உண்டாக்கிய பெயர் அது. போனில் தேடிப் பார்த்தாள். எங்கும் இல்லை. அதனால்தான் பிடித்திருந்தது.

இருக்கிற ஊரைச் சொன்னால் ஆபத்து.

அரூரிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் சாம்சனோடு கிளம்பி வந்து திண்டிவனத்தில் குடியேறியபோது அப்படித்தான் ஆயிற்று. வாயில் வந்த ஏதோ ஓர் ஊரைச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு அந்த ஊரில் மாமன் மச்சான் இருந்தார்கள். ஒரு போன், சேதி கைமாறிக் கைமாறி அரூர் வரை போய்விட்டது. தெருமுனையில் பூஜாவின் அண்ணனுடைய வெள்ளைக் காரைப் பார்த்ததும், உலையில் கொதித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இருவரும் பைக்கில் ஏறினார்கள்.

சென்னைக்குப் போக வழியில்லை. அண்ணன்களுக்கு அங்கேதான் தொழில். ஊரைச் சொல்லத் தயங்கியதில் வந்தவாசியிலும் செய்யாறிலும் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் உத்திரமேரூருக்கு வெளியே ஒரு டீக்கடைக்காரர் இந்த வீட்டைக் காட்டினார்.

வயலை ஒட்டிய வீடு. பின்பக்கம் தனியாக ஓர் அறை. பைக்கை உள்ளே நிறுத்திவிட்டால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது.

இங்கேயே இருந்துவிடலாம் என்று பூஜாவின் உடம்பு கெஞ்சியது.

வீட்டுக்காரி சுதாவுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். அவள் அதிகம் பேசவில்லை. பூஜாவின் கழுத்தில் இருந்த நிறம் மங்காத மஞ்சள் கயிற்றை ஒருமுறை பார்த்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே பையைப் பார்த்தாள்.

கேள்வி கேட்டவர், வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாண்டவராயன். சுதாவின் கணவனுக்கு அண்ணன்.

“அறுப்பு மிஷினு ஓட்டிக்கினு அந்தப் பக்கமெல்லாம் சுத்துன ஆளு நானு. எனக்கே தெரியாம ஒரு ஊரா? ஓமந்தாங்கல் எங்க கீது?”

சாம்சன் வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கினான். வெளியாட்களுக்கு அவன் சக்திவேல். அந்தப் பெயரும் காலையில் ரோட்டில் வந்ததுதான்.

“ரொம்ப உள்ள போவணுங்க. சின்ன ஊரு.”

“சின்ன ஊருன்னா தெருவு இல்லாமயா பூடும்? நீங்க எந்தத் தெரு?”

ஊரைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், மற்ற எதையும் கேட்க வேண்டியதில்லை.

பூஜா ஊரை உண்டாக்கியிருந்தாள். தெருக்களை யோசிக்கவில்லை.

தாண்டவராயன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “போளூர்ல நம்ம பையன் ஒருத்தன் கீறான். கேட்டா சொல்லிடப் போறான்.”

கிளம்பிவிடலாமா என்பது போல சாம்சன் அவளைப் பார்த்தான். அவள் ஹெல்மெட்டை மறுபடியும் கையில் எடுத்தாள்.

“அவன இன்னாத்துக்கு மாமா கேக்கற?” என்றாள் சுதா. “எங்க சின்னம்மாவக் குடுத்த ஊருதான அது. எனக்குத் தெரியாதா?”

தாண்டவராயனின் விரல் போன் மேலேயே நின்றது.

“சின்னம்மாவா? ஊரும் இல்ல, உறவும் இல்லன்னு சொல்லித்தான அன்னிக்கி எந்தம்பி கையப் புடிச்சிக்கினு வந்து நின்ன? இருவது வருசமா உம் பக்கத்துலேருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாத்ததில்ல. இப்ப இன்னா புச்சா சின்னம்மா?”

“அது செத்துப் போச்சு. செத்ததுங்க எப்டி மாமா வந்து எட்டிப் பாக்கும்?”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஆனால் முந்தானையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்ததை பூஜா கவனித்தாள்.

அவர் விடுவதாக இல்லை. “செரி. எந்தத் தெருவு?”

“சின்னம்மா வூட்டுக்கு எதிர் வூடு. வந்ததுமே கேட்டுக்கினேன். கேக்காம வூட்டக் குடுக்க நான் இன்னா லூசா?”

அவள் எதையுமே கேட்டிருக்கவில்லை.

தாண்டவராயன் சுதாவைப் பார்த்தார். பிறகு பூஜாவை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“அப்ப நம்ம ஆளுங்கதான்னு சொல்லு,” என்றார் கடைசியில். “இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? பேஜாரு.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, மொபெட்டைக் கிளப்பினார்.

சத்தம் தேயும்வரை மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சுதா கேட்டைச் சாத்தினாள். பின்பக்கம் போய் அறையின் பூட்டைத் திறந்தாள். அவர்கள் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தாள்.

“ஏரிக்கர மேல அம்மன் கோயிலு. எதுக்க தண்ணி டேங்கு. பஸ்ஸு காலைல ஒண்ணு, சாய்ங்காலம் ஒண்ணு. சின்னம்மா பேரு ராணியம்மாள். மாத்திச் சொல்லிடாதீங்க. அவரு மறுபடி கேப்பாரு. மூணு பேரும் ஒண்ணாச் சொல்லணும்.”

சாம்சன் தலையை ஆட்டினான்.

“அக்கா,” என்றாள் பூஜா மெதுவாக. “உங்களுக்கு நெஜமா எந்த ஊரு?”

சுதா கேட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“ஓமந்தாங்கல்,” என்றாள். “பேரு நல்லா கீது. எனக்குத்தான் அன்னிக்கி ஒண்ணும் தோணல.”