ஆறாவது பாட்டு

"டேய், அந்தப் பாட்டை நிறுத்துங்கடா!"

வேணுகோபால் கத்திய கத்தலில், டேப் ரிக்கார்டரில் கை வைத்திருந்த காசிநாதன் வெலவெலத்துப் போனான். பட்டென்று பட்டனை அமுக்கி நிறுத்தினான்.

"விடுப்பா. உயிர்த்தோழன் குரலாச்சே, அண்ணனுக்கு மனசு தாங்கல" என்றான் பக்கத்திலிருந்தவன்.

கதிர்வேல் செத்து அன்றோடு ஒரு வருஷம். திதிச் சாப்பாடு முடிந்து, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுக் கூடத்திலேயே ரசிகர்கள் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு அவன் 'நாடா கதிர்'. தறியில் நூலைச் சுமந்து நாடா இங்குமங்கும் ஓடும் சத்தத்தையே தாளமாக வைத்து ராப் பாடியவன். ஆறே பாட்டு, ஒரே கேசட். அது கடைக்கு வருமுன்பே லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான், பாவி.

கேசட் போட்ட கடைக்காரருக்கென்ன, எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். செத்தவன் பாட்டு சூடாக விற்றது.

"என்னைக் கேட்டா முதல் அஞ்சு பாட்டும் அமெரிக்காக்காரனைப் பார்த்து அடிச்ச காப்பி. வெறும் கூச்சல்" என்று ஆரம்பித்தான் பூவராகவன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்த கல்லூரிப் பையன்.

காசிநாதனுக்குச் சுருக்கென்றது. "காப்பியா? அமெரிக்காவுல தறி இருக்குதா? இன்னிக்கு ஆட்டோ ஸ்டாண்டுல, காலேஜ் மேடையில, கல்யாண ஊர்வலத்துல எவன் வாயத் தொறந்தாலும் நம்ம தெரு பாஷைதான் வருது. அதுக்கு யாருப்பா காரணம்?"

"அதை ஒத்துக்கறேன். ஆனா கலைன்னா அது ஆறாவது பாட்டுதான். தறிச் சத்தமே கிடையாது. அமைதியா போயிண்டே இருக்கும்போது, தூரத்துல ஒரு பொம்பளை ஒப்பாரி வைக்கறா பாரு! ராப்புல ஒப்பாரியைக் கலக்கணும்னு எவனுக்குடா தோணும்? அந்த ஒரு பாட்டுக்காகவே அவன் பேர் நிக்கும். மத்த அஞ்சையும் மறந்துடலாம்."

"மறந்துடலாமா?" வேணுவின் குரல் உடைந்தது. "அந்த அஞ்சும்தான்டா கதிரு!"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். வேணு தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு ஒரு வருஷமாகச் சோறே சரியாக இறங்கவில்லை. ஆறு பாட்டும் பதிவானது இரண்டு வீடு தள்ளியிருக்கும் அவன் வீட்டில்தான், அவன் டேப்பில்தான்.

"அது சரி, வேணுண்ணா" என்றான் காசிநாதன். "நம்ம தெருவுல நல்லது கெட்டதுன்னாதானே தறி நிக்கும்? அந்தப் பாட்டுல மட்டும் எப்படி சத்தம் இல்லாம போச்சு?"

"அமாவாசை அன்னிக்கு எடுத்தோம். தறி லீவு" என்றான் வேணு, தரையைப் பார்த்தபடியே.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சமையலறையிலிருந்து வந்தாள் கதிரின் அம்மா தில்லையம்மாள். வேணுவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தாம்பாளத்தை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் அதையே நெனச்சிக்கினு இருக்கறியாப்பா? நீ குடுத்த வண்டியில போனதாலயா எம்புள்ள செத்தான்? விதி. அன்னிக்கு அவனத் தூக்கற வரிக்கும் உன்ன வாசல்ல காணோம். ஊரு ஆயிரம் பேசிச்சு. எங்கியோ மூலையில ஒக்காந்து அழுதுக்கினு இருப்பான்னு நான்தான் சொன்னேன்."

 இந்தப் பாசத்துக்கு அவள் நாலு அறை அறைந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது வேணுவுக்கு.

"போடுப்பா காசி" என்றாள் தில்லையம்மாள். "எம்புள்ள கொரல கேக்கற தெம்பு இல்லாம ஒரு வருசமா காதப் பொத்திக்கினு கெடந்தேன். இன்னிக்குக் கேக்கறேன்."

"அம்மா, மொதல் பாட்டக் கேளுங்க. அதுதான் நல்லா இருக்கும்." வேணு டேப்பை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியா எடுத்தது எதுவோ அதான் வேணும்பா."

ஆறாவது பாட்டு ஓடத் தொடங்கியது. தில்லையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை தலையாட்டினாள்.  எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது வேணுவுக்கு, ஆனால் கை அவள் பிடியில் இருந்தது.

"இப்ப வரும் கேளுங்க" என்று பூவராகவன் விரலை உயர்த்தினான்.

பாட்டுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், அந்த ஒப்பாரி எழுந்தது. 'பட்டு நெய்ய வந்த ராசா...' என்று இழுத்து, விக்கி நின்றது.

டேப்பில் அடுத்த அடி வருவதற்குள் தில்லையம்மாளின் உதடு அசைந்தது. "பாதி பாவுல போனியேடா..." என்றாள் மெல்ல. மறு விநாடி டேப்பும் அதையே சொல்லி அழுதது.

 அவள் கண்ணைத் திறந்து வேணுவைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.

"இது எம்புள்ளய வாசல்ல கெடத்திட்டு நான் அழுத அழுகையாச்சே... அப்ப பாடறது யாருப்பா?"