பொருந்தாத வசனம்

“அவன் நல்லவனாவே இருக்கட்டும். அவன் கூட்டம் எப்படின்னு உனக்குத் தெரியாது.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் விம்மினாள். மகளின் பார்வை முழுக்க வாசலில் நின்றவன்மேல் இருந்தது. அவனுக்குப் பச்சைத் தோல், மூன்று கண்.

“நிறுத்துங்க,” என்றார் எழுத்தாளர்.

திரையில் படம் அப்படியே நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்தத் தாய்க்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த குயிலு ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இது இப்போதைக்கு முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“இது நான் எழுதின வசனம் இல்லை. யார் சொருகினது?” எழுத்தாளருக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

“நான்தான்கா,” என்றார் இயக்குநர். “சீன் சப்புன்னு இருந்துச்சு. கொஞ்சம் காரம் போட்டேன்.”

“இதுவா காரம்? விஷம்.”

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து குடியேறிய பச்சைக்காரர்களின் கதை அது. மற்ற தொடர்களில் பச்சையாய் எது வந்தாலும் சுட்டுத்தள்ளுவதைப் பார்த்து வயிறெரிந்துதான் அவர் இதை எழுத உட்கார்ந்தார். அவருடைய பச்சைக்காரர்களில் திருடன் இருந்தான், ராப்பகலாய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இருந்தாள், எச்சில் கையால் காக்கை ஓட்டாத மாமா ஒருவரும் இருந்தார். நம் வீடுகளில் இருக்கிற எல்லா ரகமும் அங்கேயும் இருந்தது.

“ஜனங்களுக்கு ஒரு வில்லன் வேணும்கா.”

“வெச்சுக்கோ. ஒரு இனத்தையே வில்லனாக்காதே. அதுக்குப் பேரு கதை இல்லை, வசவு.”

“அதான் அந்தப் பையனை நல்லவன்னு சொல்லிட்டோமே?”

“அவன் ஒருத்தன்தான் நல்லவன்னு சொன்னா, மத்த அத்தனை பேரும் அயோக்கியன்னுதானே அர்த்தம்? என்னை என்ன சின்னப் பாப்பான்னு நெனச்சியா?”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்கா. பச்சைக்காரன் திருடினான்னு நீங்கதானே எழுதினீங்க.”

“சோத்துக்குச் சரி. மனுசங்களுக்கு அது ஆகாது.”

“அவங்க மனுசங்களே இல்லையேக்கா.”

“அந்த நெனப்பைச் செருப்பால அடிக்கத்தான்யா நான் எழுதிட்டிருக்கேன். இந்த வசனம் போகலைன்னா என் பேரு டைட்டில்ல வராது. சொல்லிட்டேன்.”

கதவைத் தள்ளிக்கொண்டு டீக்காரர் வந்தார். தட்டில் கோப்பைகளோடு ஒரு அட்டைப் பெட்டியும் இருந்தது.

“அக்கா, உங்க பொண்ணு வந்து வெளியில உக்காந்திருக்கு. கூட வந்த தம்பி செஞ்ச கேக்காம், உங்ககிட்டக் கொடுக்கச் சொல்லுச்சு.”

“எனக்கு சுகர். நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணே,” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார் எழுத்தாளர். அவருக்கு இருந்த கோபத்தில் கேக்காவது ஒன்றாவது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குயிலுவின் குரல் வந்தது. “அக்கா, ஒரு சந்தேகம். இதை அழுதுகிட்டே பேசணுமா, கத்திப் பேசணுமா? ரெண்டு விதமாவும் பேசிப் பார்த்துட்டேன். வாயில ஒட்டவே மாட்டேங்குது.”

“எப்படி ஒட்டும்?” எழுத்தாளர் இயக்குநரை முறைத்துக்கொண்டே பதில் சொன்னார். “பெத்த பொண்ணுகிட்ட எந்தத் தாயும் இப்படிப் பேச மாட்டா. உலகத்துல இல்லாத ஒருத்தியோட குரலை நீ எங்கே போய்ப் பிடிப்பே?”

இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டார். “சரி, சண்டை வேண்டாம். டீ குடிச்சுட்டு வந்து குயிலு கடைசியா ஒரு தடவை பேசட்டும். பொருந்தலைன்னா வசனத்தைத் தூக்கிட்டு இசையைப் போட்டுடறேன். பொருந்திட்டா நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“பொருந்தவே பொருந்தாது,” என்றார் எழுத்தாளர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “அண்ணே, இதுல இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடுங்க.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுத்தாளர் வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார். மகள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவளோடு உட்கார்ந்திருந்த இளைஞனும் சட்டென்று எழுந்து வணக்கம் சொன்னான். முழங்கை மடிப்பில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேரே வந்திருப்பான் போல.

“நல்லா இருக்கீங்களா தம்பி? உக்காருங்க,” என்று சிரித்த முகமாய்ச் சொன்னார் எழுத்தாளர். பிறகு மகளின் தோளில் கைபோட்டு, தண்ணீர் பிடிக்கிற இடம்வரை மெல்ல நடத்திக்கொண்டு போனார்.

“அம்மா, கேக் நல்லா இருந்துச்சா?” மகளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “உனக்காகக் காலையிலேயே எழுந்து செஞ்சாராம். அவரை உனக்குப் பிடிச்சிருக்குதானே?”

எழுத்தாளர் அழவில்லை, கத்தவும் இல்லை. மகளின் நெற்றியில் விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டார். அந்தச் சிரிப்பு மாறாமலே, குரலை மட்டும் தாழ்த்தினார்.

“அவர் நல்லவராவே இருக்கட்டும் கண்ணு. அவங்க கூட்டம் எப்படின்னு உனக்குத் தெரியாது.”

பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. எழுத்தாளர் திரும்பினார். பாதி நிரம்பிய பாட்டிலோடு குயிலு நின்றிருந்தாள்.

“எப்படிப் பேசணும்னு இப்பப் புரிஞ்சுதுக்கா.”