அர்ச்சனைக்கு ஒரு பெயர்

முதல் பித்தானைக் கழற்றிவிட்டாள்.

இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது.

எதிரே பலகை. ஆண்கள் சட்டை, பனியன் அணிந்து உள்ளே செல்லக் கூடாது. அந்தக் கோயிலில் அப்படித்தான். முன்னால் நின்ற ஆண்களெல்லாம் ஏற்கெனவே வெறும் மேலோடு நின்றார்கள். தொப்பையும் பூணூலும் தாயத்துமாக, யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை.

ஊருக்கும் வீட்டுக்கும் அவள் தாணுமூர்த்தி. ஒரே பையன்.

வேலை பார்க்கும் சென்னையில் நான்கு பேருக்கு மட்டும் வேறு பெயர்.

எட்டு மாதமாக ஹார்மோன் மாத்திரை. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. இறுக்கமான பனியனும் அதன்மேல் தொளதொள சட்டையும் போட்டு இதுவரை சமாளித்தாகிவிட்டது. இரண்டையும் கழற்றினால் சமாளிக்க ஒன்றுமில்லை. அம்மா, அப்பா, பின்னால் நிற்கும் ஐம்பது பேர், எல்லோர் முன்னாலும்.

பஸ்ஸில் வரும்போதே மூன்று பொய் தயார் செய்திருந்தாள். வயிற்றுவலி. முதுகெல்லாம் வேர்க்குரு. கூட வேலை பார்ப்பவர் வீட்டுச் சாவுக்குப் போய்வந்த தீட்டு. மூன்றும் நல்ல பொய்கள்தான். வாசலுக்கு வந்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"தம்பி, பனியனையும் கழத்தணும், கேட்டியளா." காவல்காரர் நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழ்வரை தழும்பு. ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். பிழைத்து எழுந்தால் சன்னதி நடையில் நின்று முருகனை நேருக்கு நேர் பார்ப்பதாக நேர்ச்சை. நான்கு மாதமாக இதே பேச்சு. நேற்று ராத்திரி வேட்டியைத் தானே இஸ்திரி போட்டார்.

இரண்டாவது பித்தானும் கழன்றது. மூன்றாவதற்குப் போன கை சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார்.

தோளிலிருந்த சட்டையை எடுத்தார். உதறினார். போட்டுக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் இங்ஙன நின்னே கும்பிட்டுக்கிடுதோம்."

"நேர்ச்சைன்னு சொன்னியளே?" என்றார் காவல்காரர்.

"தழும்புல்லா கெடக்கு. நாலு பேர் முன்னால நெஞ்சக் காட்ட எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு."

இவ்வளவு நேரம் காட்டிக்கொண்டு நின்ற மனிதர்.

வரிசையிலிருந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தூண் நிழலில் நின்றார்கள். அப்பா பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் சட்டை தூக்கிக்கொண்டு நின்றது.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

அப்பா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆசுபத்திரியில இருந்து வந்த புதுசுல, ஃப்ரிட்ஜ் மேல எனக்க மாத்திர டப்பாவுல ஒனக்க அட்ட ஒண்ணு கெடந்துது."

அவள் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்குள்ளதுன்னு நெனச்சு ரெண்டு நாள் முழுங்கிட்டேன். மூணாவது நாளு சந்தேகம் வந்து மெடிக்கல்ல கொண்டு காட்டுனேன். எதுக்குள்ள மாத்திரன்னு அவன் சொன்னான்."

"அப்பா! ஏதாவது செஞ்சுதா?"

"ஒண்ணும் செய்யல. ரெண்டு நாள் நல்ல ஒறக்கம்."

சிரிப்பு வந்துவிட்டது. கோயில் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது, அதையும் சிரிப்போடு சேர்த்தே துடைத்தாள். நான்கு மாதம். நான்கு மாதமாக, அவள் ஊருக்கு வரும்போதெல்லாம், இந்த மனிதர் தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"அம்மைக்குத் தெரியுமா?"

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மாவே வரிசையை விட்டு வந்துகொண்டிருந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை. முகம் கடுகடுவென்றிருந்தது. அம்மாவின் முகம் எப்போதுமே அப்படித்தான். திறந்திருந்த இரண்டு பித்தான்களையும் அவசரமாகப் போட்டாள்.

அம்மா அதைப் பார்த்தாள்.

அப்பாவிடம் திரும்பினாள். "சட்டைய ஒழுங்காப் போடப்பிடாதா?"

பிறகு அவளிடம். "நான் மட்டும் உள்ள போறேன். அர்ச்சனைக்குப் பேரும் நாளும் போத்தி கேப்பாவ. ஒனக்குள்ளதச் சொல்லு."

என்ன கேள்வி இது. வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு அம்மாதானே சொல்வாள்.

"தாணுமூர்த்தி. ஆயில்யம்."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே வச்சேன்." அம்மா தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீ வச்ச பேரச் சொல்லு."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா இன்னும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது. வரிசை நகர ஆரம்பித்தது. அம்மா போகவில்லை.

"மிருணாளினி," என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்.

அம்மாவின் உதடுகள் ஒருமுறை அசைந்து பார்த்தன. பாதியில் நின்றன.

"இன்னொருக்கச் சொல்லு மக்கா. மெதுவா. போத்திகிட்டத் தப்பாச் சொல்லிரப்பிடாது."