ஒரே கையில் இரண்டு பட்டை

விண்மீன் மண்டலங்களின் ஓட்டத்தை அளந்து எவையெல்லாம் ஒரே கூட்டம் என்று சொன்னவர்கள், இப்போது எங்கள் குடியிருப்பில் ஆளுக்கொரு கைப்பட்டை மாட்டி, நடமாட்டத்தை அளந்து, யார் யார் ஒரே குடும்பம் என்று சொல்கிறார்கள். தனி ஆளென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எதிர்வீட்டு மரகதவல்லி அக்காவும் கணவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள். கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை. எனக்குப் பொழுதே போகவில்லை. நேற்று அளவை அதிகாரி வந்தார்.

"ஒரே கூட்டத்து மண்டலங்கள்கூட நெருங்கும், விலகும். நீங்க ரெண்டு பேரும் துளிகூட விலகலையேம்மா?"

அக்கா முந்தானையை விலக்கினாள். ஒரே கையில் இரண்டு பட்டை. ஊருக்குப் போன இடத்தில் கணவர் இறந்துபோயிருந்தார்.

"மக்கு அக்கா, ஒண்ணை சமையலறையில வெச்சிருக்கலாமில்ல?" என்றேன்.

"வெச்சுப் பார்த்தேன்டி. உள்ள அவர் இருக்கார்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பதிலே வரல."