சாக்பீஸ் கோடு

எலக்ட்ரீஷியனின் பைக்குக்கு முன் ஃபோர்க் மாற்றிக் கொடுத்தது மெக்கானிக்தான். புது ஃபோர்க் பழையதைவிடப் பருமன். ஹெட்லைட் பிராக்கெட்டை அதில் ஒழுங்காக உட்கார வைக்க அவருக்கு அன்று பொறுமையில்லை. விளக்கு லேசாக வானம் பார்த்தபடி நின்றது. எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும் என்று தெரிந்தேதான், "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

மறுவாரம் விடியுமுன் சைக்கிளில் வந்த பேப்பர்காரர், எதிரே வந்த அந்த பைக்கின் வெளிச்சத்தில் கண் கூசி, சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து செத்தார். "அவருக்கு ஏற்கெனவே பார்வை மங்கல்" என்று சாவு வீட்டில் முதலில் வாய் திறந்ததும் மெக்கானிக்தான். எலக்ட்ரீஷியன் அதற்குப் பிறகு பைக்கைத் தொடவில்லை.

இன்று மெக்கானிக் தானாகவே அதைக் கொண்டுவரச் சொன்னார். ஷெட் சுவரில் வெளிச்சம் விழ வேண்டிய உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கைப் போட்டார். வெளிச்சம் கோட்டுக்கு ஒரு முழம் மேலே விழுந்தது. அதன் நடுவில் ஒரு நிழல், கண்ணுக்குக் கையை மறைவாக வைத்தபடி நின்றது. பைக்குக்கும் சுவருக்கும் இடையில் யாரும் இல்லை.

"என்னண்ணே அது, லைட் கண்ணாடியில அழுக்கா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஆமா, அழுக்குதான்." இந்தப் பொய்யும் சுலபமாக வந்தது.

போல்ட்டைத் தளர்த்தி விளக்கைக் கொஞ்சம் குனிய வைத்தார். நிழலின் கையும் கொஞ்சம் இறங்கியது. வெளிச்சம் கோட்டில் வந்து நின்றதும், கை முழுசாகக் கீழே போனது.

"இவ்வளவுதானாண்ணே?" என்றார் எலக்ட்ரீஷியன் மெதுவாக. "ரெண்டு நிமிஷ வேலைதானா?"

நிழல் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது மெக்கானிக்தான் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.