வைத்தியர் இல்லாத படை

“செத்தாலும் சாவேனே ஒழிய, வைத்தியனா மட்டும் வரமாட்டேன்” என்றான் சுஹைப், வறுத்த தர்பூசணி விதையை முன்பல்லில் உடைத்தபடி.

“சாகத்தான் போற. போன கதையிலயும் இப்படிச் சொல்லித்தான் செத்தே” என்றாள் தீமா.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல். அம்மான் நகரில், வெய்ப்தே குன்றின் மேல் தீமாவின் வீடு. மேசைமேல் தேநீர்க் குவளைகள், இருபது முகப் பகடை, அவள் கையால் தீட்டிய வரைபடம். கதையை நடத்துபவள் தீமா. மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் பூண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வெற்றியா வீழ்ச்சியா என்பதைப் பகடை சொல்லும்.

புதிய கதைக்கென்று அவள் படைத்தது சர்னாக் என்னும் நாடு. அங்கே ஆள்பவன் ஒருவன், அழுபவர் ஆயிரவர். கோபுரம் எழுப்பியவனுக்குக் குடிசை இல்லை. கோதுமை விளைத்தவளுக்கு ரொட்டி இல்லை. அந்தக் கொடுங்கோலை முறிக்க மூவர் படை புறப்பட வேண்டும். அவர்களுள் ஒருவராவது காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவராக இருந்தே தீர வேண்டும். வைத்தியர் இல்லாமல் கிளம்பிய முந்தைய புரட்சிகள் எல்லாம் முதல் சண்டையிலேயே மாண்டு மண்ணாயின.

நால்வருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பதே அத்தி பூத்தாற்போல. இன்றும் புரட்சி பாதியில் படுத்தால் இனி சீட்டாட்டம்தான் என்று மூவரும் முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். பல மாதம் சுமந்து பெற்ற சர்னாக் பிறந்த அன்றே சாகக்கூடாதே என்பதுதான் தீமாவின் கவலை.

“லுப்னா, நீயாவது…”

“ஏன், நான் பொம்பளைங்கறதாலயா?” லுப்னா எழுந்தே நின்றுவிட்டாள். “எந்தக் கதையை எடுத்தாலும் ஆம்பளை வாளைத் தூக்குவான், பொம்பளை மருந்துப் பெட்டியைத் தூக்குவா. கொடுங்கோலனைக் கவுக்கறதுக்கு முன்னாடி இந்த வழக்கத்தைக் கவுக்கணும். நான் சூனியக்காரி. நெருப்புக் கக்குவேன். அவ்வளவுதான்.”

“கேக்குற நானும் பொம்பளைதாண்டி.”

“அதான் இன்னும் வலிக்குது.”

தீமா ராக்கான் பக்கம் திரும்பினாள். அவன் அவசரமாகத் தேநீரைக் குடித்தான்.

“என் ஆளு திருடன். ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுந்துருவான்.”

“அப்படி ஒரு திருடனா?”

“அதனாலதான் திருட்டோட நிறுத்திக்கிட்டான். இல்லைன்னா கொலைக்குப் போயிருப்பான்.”

தங்கள் வேடத்தைப் பற்றி மூவரும் எழுதிய தாள்களைத் தீமா வாங்கினாள். மூன்று கோழிகள் முறை வைத்துக் கிளறியதுபோல் இருந்தன.

“ராக்கான், இதுல உன் ஆளு பேரு என்ன?”

அவன் தாளை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். “தெரியலையே. எழுதறப்போ தெரிஞ்சுது.”

வேறு வழியின்றி, வைத்தியர் இல்லாத படை சர்னாக்கின் மலைக் கணவாய்க்குள் நுழைந்தது. நுழைந்ததுமே பாறை மறைவிலிருந்து அம்புகள் பறந்தன. விலகித் தப்பச் சுஹைப் பகடையை உருட்டினான். இருப்பதிலேயே மோசமான ஒன்று விழுந்தது.

“அம்பு உன் தொடையில பாஞ்சிருச்சு. ரத்தம் கொட்டுது” என்ற தீமா, மற்ற இருவரையும் பார்த்தாள். “நீங்க என்ன செய்றீங்க?”

“அவன் பையைத் துழாவறேன்” என்றான் ராக்கான்.

“நான் நெருப்புக் கக்குறேன்” என்றாள் லுப்னா.

“யார் மேல?”

“பொதுவா.”

“பாவிகளா, ஒரு துணியை வச்சு அழுத்துங்க” என்று கெஞ்சினான் சுஹைப்.

“துணியா? எங்க வச்சு அழுத்தணும்?” லுப்னாவின் முகத்தில் மாசு மருவற்ற அறியாமை. “அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாத வைத்தியம் பார்த்து உயிர் போச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“கடைசியாக் கேக்கறேன்” என்றாள் தீமா. “கட்டுப்போடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?”

ராக்கான் இன்னொரு குவளை தேநீர் ஊற்றிக்கொண்டான். லுப்னா விதை உடைக்கத் தொடங்கினாள். கீழே தெருவில் எரிவாயு உருளை விற்கும் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

சுஹைபின் வீரன் மாண்டான். சுஹைப் சோபாவில் தலை சாய்த்தான். சாய்த்த மாத்திரத்தில் குறட்டை கேட்டது.

“சாவுன்னா இப்படி இருக்கணும்” என்றான் ராக்கான் பொறாமையோடு. சொல்லிக்கொண்டே சீட்டுக்கட்டை எடுத்தான்.

தீமா வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினாள். ஆயிரவர் அழுத நாட்டில் ஆயிரத்தொன்றாவதாக அவளும் சேர்ந்துவிடுவாள் போலிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால், கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உம்மு கஸ்ஸான். அவளுக்குப் பின்னால், கையில் சமையல் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கணவர். துணியில் சிவப்பு ஊறியிருந்தது.

“சோறு அடைக்க சுரைக்காயைக் குடைஞ்சு குடுங்கன்னேன். கட்டைவிரலைக் குடைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறார்” என்றாள் அவள்.

“கத்தி சரியில்லை” என்றார் அவர்.

“கத்தி நல்லாத்தான் இருக்கு, அதான் இந்தக் கதி.” அவள் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். “மக்களே, வாசல்ல மூணு காரு நிக்குது. மூணுலயும் டாக்டர் சின்னம் ஒட்டியிருக்கு. உங்கள்ல யாருப்பா டாக்டர்?”

நகரின் பெரிய அவசர சிகிச்சைப் பிரிவின் மூன்று மருத்துவர்களும், கண் திறவாத சுஹைப் உட்பட, ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

அதே பிரிவின் நான்காவது மருத்துவரான தீமா, சுருட்டிய வரைபடத்தை மறுபடி விரித்துப் பகடையை நடுவில் வைத்தாள்: “யாருக்குக் குறைவா விழுதோ, அவங்க இவர் விரலையும் பார்க்கணும், சர்னாக்குக்கும் வைத்தியரா வரணும்.”